மழையில் நின்று தின்ற கோழி

எஸ்பியர்க் என்ற டேனிஷ் நகரில் எங்கள் பகுதி ஹாண்ட்போல் கிளப், கீழ்ப்பிரிவில் விளையாட வரும் வெளியூர்ப் பிள்ளைகளை வீடுகளில் தங்கவைக்கும். மகன் படிக்கப் போனதில் எங்களிடம் ஓர் அறை காலியாக இருந்தது. என்னைக் கேளாமலே கணவர் சம்மதித்துவிட்டார். போர்ன்ஹோல்ம் தீவிலிருந்து பத்தொன்பது வயது ஃப்ரேயா வந்து சேர்ந்தாள்.

எனக்கு எரிச்சல். வந்த அன்றே, வெள்ளிக்கிழமைகளில் இந்த வீட்டுக்குள் மீன், இறைச்சி கூடாது என்று கறாராகச் சொன்னேன். காரணம் கேட்காமல் தலையாட்டினாள்.

ஆறாவது வெள்ளி, நல்ல மழை. குசினி யன்னலால் பார்த்தேன். சைக்கிள்களுக்குப் பக்கத்தில் நனைந்தபடி நின்று, கடைப் பெட்டியிலிருந்து கோழி தின்றுகொண்டிருந்தாள்.

குடையோடு ஓடினேன்.

"நாளைக்கு ஆட்டம். பருப்பும் சோறும் எனக்குக் காணாது," என்றாள் டேனிஷில், தவறு செய்தவள் போல. "வீட்டுக்குள்தானே கூடாது என்றீர்கள்?"

ஒவ்வொரு வெள்ளியும் இப்படித்தானாம்.

உள்ளே வா என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவள் தின்று முடிக்கும்வரை குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கணவர் கதவைத் திறந்தார். "என்னப்பா, மழைக்குள்ள நிண்டு என்ன செய்யிறியள்?"

"கதைக்கிறம். நீங்கள் உள்ள போங்கோ."

என் மகனும் வெள்ளிக்கிழமைகளில் வெளியே தின்றுவிட்டு, வாயைத் துடைத்துக்கொண்டு வந்தவன்தான். எனக்குத் தெரியும், தெரியாததுபோல் இருந்தேன்.

இப்போது வெள்ளிகளில் விளக்கேற்றும்போது ஃப்ரேயாவுக்கும் சேர்த்துக் கும்பிடுகிறேன். இருபது வருடமாக விரதம் பிடித்தது நான். அதற்காக மழையில் நின்றது அவள்.