டிஸ்க் மாற்றிய அன்று

பிரேக்கை மிதித்தாலே முன்சக்கரத்தில் தகரத்தைத் தகரத்தால் சுரண்டுகிற சத்தம் வந்தது. பிரேக் பேடு தேய்ந்துபோய், அதன் இரும்புத் தகடு சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கை அறுத்துக்கொண்டிருந்தது. பீங்கான் கம்பெனிகளுக்குள் போய்வருகிற என் வாடகைக் காருக்கு அந்தக் களிமண் தூசுதான் எமன். பள்ளிப் பிள்ளைகளையும் ஏற்றும் வண்டி. இனியும் தள்ளிப்போடக் கூடாது என்று ஜங்ஷன் ரோட்டுப் பட்டறையில் கொண்டுபோய் விட்டேன்.

மெக்கானிக் அண்ணன் முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தைக் கழற்றினார். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரை அவிழ்த்து, பிரேக் ஆயில் ஹோஸ் இழுபடாமல் கம்பியால் மேலே கட்டித் தொங்கவிட்டார். டிஸ்க் மட்டும் துருவேறி ஒட்டிக்கொண்டு வரவில்லை.

"சம்மட்டியாலதான் அடிக்கணுங்க," என்று எடுக்கப் போனார்.

அப்போதுதான் என் கணவன் வந்தான். நான் அவனை விட்டு அம்மா வீட்டுக்கு வந்து ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. சூளை வேலையை விட்டுவிட்டு, நான் வண்டி நிறுத்தும் இடமெல்லாம் வந்து நிற்பதே அவனுக்குப் பிழைப்பாகியிருந்தது. சக்கரம் கழற்றிய வண்டியில் நான் எங்கும் தப்பிப் போக முடியாது.

"சாவியக் குடு."

"குடுக்க மாட்டேன்."

"வண்டி இருந்தாதான ஊரு சுத்துவ. குடுடி."

கீழே கிடந்த வீல் ஸ்பேனரை எடுத்தான். முதல் அடி முன்கண்ணாடியில். அடுத்தது என் இடது தோளில். எலும்பு முறிந்த சத்தம் எனக்கு உள்ளிருந்து கேட்டது. மெக்கானிக் ஓடிவந்து அவனைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்தார். அந்தப் பிடியில் திமிறிக்கொண்டே ஜாக்கியை எட்டி உதைத்தான். ஜாக்கி சரிந்தது. நீட்டிய காலை அவன் இழுப்பதற்குள், கூராகத் தேய்ந்த டிஸ்க் விளிம்போடு வண்டி அதன்மேல் இறங்கியது.

செருப்பு எது, பாதம் எது என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. அவன் அலறினான்.

மெக்கானிக் ஒரு கட்டையைச் செருகி வண்டியை நெம்பிப் பிடித்தார். "யக்கா, ஜாக்கிய உள்ள தள்ளி, கம்பிய அடிச்சுத் தூக்குங்க. ரொம்ப நேரம் தாங்காது."

ஜாக்கி என் வலது கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது. நான் லைசென்ஸ் வாங்கி வந்த அன்று, அந்த வலது கையைத்தான் தரையில் அழுத்தி இதே காலால் மிதித்தான். விரல்கள் நெரிய நெரியக் குதிகாலைத் திருகினான். 'இனிமே ஸ்டேரிங்கப் புடி, பாக்கலாம்' என்றான். அது முழுசாக என் கண்முன் வந்தது. அசையாமல் நின்றேன். கிடக்கட்டும் என்றுதான் தோன்றியது.

கட்டை மெக்கானிக்கின் பிடியில் வழுக்கத் தொடங்கியது. முழுசாக நழுவினால் அவர் விரல்களும் போய்விடும். அதைப் பார்த்த பிறகுதான் உட்கார்ந்து, ஜாக்கியை உள்ளே தள்ளி, ஒற்றைக் கையால் அடித்தேன்.

"அண்ணே எடுங்க, அண்ணே எடுங்க" என்று அவன் மெக்கானிக்கிடமே கெஞ்சிக்கொண்டிருந்தான். ஜாக்கிக் கம்பி என் கையில் இருந்தது. என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பக்கத்துக் கடையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்து ஓடிவந்த டீக்கடைக்காரர், வண்டி மேலேறியதும் காலை உருவி, அவனை ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"நீங்களும் போங்கக்கா, தோளு தொங்குது."

"இத முடிங்கண்ணே. வண்டிய வுட்டுட்டுப் போவ மாட்டேன்."

அவர் சம்மட்டியை ஓங்கினார். ஒவ்வொரு அடியும் என் தோளில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்தேன். ரத்தம் பூசிய டிஸ்க் பிய்ந்து தரையில் விழுந்து சுழன்றது. இரண்டு பக்கமும் புது டிஸ்க், புது பேடு போட்டார். பிரேக் பெடல் கெட்டிப்படும்வரை மிதித்துப் பார்த்தார். உடைந்த கண்ணாடியோடு அவரே என்னை ஆஸ்பத்திரிக்கு ஓட்டிப்போனார்.

எப்படி ஆச்சு என்று டாக்டர் கேட்டார். முன்பெல்லாம் பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்பேன்.

"என் வூட்டுக்காரன் வீல் ஸ்பேனரால அடிச்சான்," என்றேன். பக்கத்தில் இருந்த நர்ஸ் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார்.

ஜாக்கியை உதைத்தது நான்தான் என்று அவன் போலீஸில் சொன்னான். மெக்கானிக்கும் டீக்கடைக்காரரும் தாங்கள் பார்த்ததைச் சொன்னார்கள். அவனுக்கு இரண்டு கால்விரல்களை எடுத்துவிட்டார்கள். எனக்குக் கியர் போடும்போது தோள் இன்னும் குத்துகிறது.

வழக்கு நடக்கிறது. வாய்தாவுக்குப் போகும் நாட்களில் கோர்ட்டு வராந்தாவில் அவன் நொண்டிக்கொண்டு எதிரே வருவான். நான் நடுவில்தான் நடக்கிறேன். அவன் சுவரோரம் ஒதுங்கிக்கொள்கிறான்.