பனியனில் ஏறிய நத்தை

சோழ நாட்டுப் பிள்ளைகள் என்ற பெருமையில் எங்கள் பெண்கள் கபடி அணி மஞ்சள் பனியனில் புலியைப் பதித்துக்கொண்டு செந்துறையில் இறங்கியது. எதிரே வந்த பெரம்பலூர் அணிக்கும் மஞ்சள் பனியன், அதே புலி! எனக்கு எரிச்சலாக வந்தது. ஆட்டச் சூட்டில், பாடி வந்தவளை விட்டுவிட்டு எங்கள் கேப்டனின் காலையே பிடித்து மண்ணில் சாய்த்தேன். மைதானமே சிரித்தது. தோற்றோம்.

மறுநாள் கேப்டன் எங்கள் வறண்ட ஓடையில் கிடந்த ஒரு கல்லைக் கொண்டுவந்தாள். இங்கே கடல் இருந்த காலத்து நத்தை, சுருண்டபடியே கல்லாகிப் போனது.

"இதுதான் இனிமே நம்ம சின்னம்."

"புலிய எடுத்துட்டு நத்தையா? மானம் போயிடும்டி!" என்று கத்தினேன்.

"நத்தை ஒட்டிக்கிட்டா விடுமா? நீ பிடிக்கிற ஆளுதானே!"

அடுத்த போட்டியிலும் அதே பெரம்பலூர் அணி. "நத்தை வருது, வழி விடுங்கடி!" என்று கேலி செய்தார்கள். முதலில் பாடி வந்தவளின் கணுக்காலைப் பிடித்தேன். உதறினாள், உதைத்தாள், என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டே போனாள். விடவில்லை நான். நடுக்கோட்டுக்கு ஒரு சாண் இருக்கும்போது புலியின் பாட்டு நின்றது.