எட்டாவது படத்தின் முடிவு

எங்களுக்குப் பிடித்த இயக்குநர் மொத்தம் எட்டுப் படங்கள் எடுத்திருக்கிறார். எல்லாமே ஒரு குடும்பத்துக்குள் நடக்கும் கொலைக் கதைகள். யாராவது இணையத்தில் அவற்றை வரிசைப்படுத்தி எழுதினால் இன்றும் எனக்குச் சுர்ரென்று கோபம் வரும். லிஃப்ட் படத்தைக் கொண்டுபோய் ஐந்தாவது இடத்தில் போடுகிறவனுக்குச் சினிமாவைப் பற்றி என்ன தெரியும்?

லிஃப்ட் படம், சாவிப் படம், மாமியார் படம் என்றெல்லாம் பெயர் வைத்தது நானும் என் நண்பனும். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருவருக்கும் ஒரே கம்பெனி. நான் தென்காசிப் பக்கமிருந்து வந்து ஐயப்பன்தாங்கலில் வாடகைக்குக் குடியேறியவன். அவன் தலைமுறை தலைமுறையாக ஆவடி பக்கத்துக் கோவில்பதாகைக்காரன். சோதனைப் பிரிவில் இருந்ததால், தேறாத பாகங்களில் கட்டும் சிவப்பு அட்டைகள் அவனிடம் கத்தை கத்தையாக இருக்கும். புதுப் படத்தை இருவரும் பார்த்து முடித்ததும் ஆளுக்கொரு அட்டையில் முதலிடம் தொடங்கிக் கடைசி வரை எழுதி, கேண்டீனில் மாற்றிக்கொள்வோம். சண்டை அதற்கப்புறம்தான்.

இருவரும் பார்க்கும்வரை முடிவைப் பற்றி மூச்சு விடக்கூடாது. இந்த விதி வந்ததே என்னால்தான். மூன்றாவது படத்தில் கொலை செய்தது அக்கா என்று சாப்பாட்டு வரிசையில் உளறிவிட்டேன். ஒரு வாரம் அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவனாகவே வந்தான்.

"இனிமே வாயத் தொறந்தே, மவனே, உன் கழுத்துல இந்த அட்டையக் கட்டி வுட்ருவேன்."

எட்டாவது படம் வந்தபோது அவன் மருத்துவமனையில் கிடந்தான். கணையத்தில் புற்று. நான் முதல் நாளே ஆவடியில் பார்த்துவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை அவனைப் பார்க்கப் போனபோது கண்ணெல்லாம் மஞ்சளாக இருந்தது.

"நம்ம ஆளு படம் பாத்துட்டியா மச்சான்?"

"பார்த்துட்டேன்."

"முடிவு இன்னா? சொல்லு."

நான் சிரித்து மழுப்பினேன். "விதி என்னடா? நீ வீட்டுக்கு வா, ஓடிடியில வந்ததும் சேர்ந்து பார்ப்போம்."

"அதுவரிக்கும் நான் இருப்பனோ இல்லியோ. சொல்லுடா."

"சும்மா உளறாதே."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

விதியை மதித்தேன் என்று சொல்லிக்கொண்டால் எனக்குக் கௌரவமாக இருக்கும். உண்மை அதுவல்ல. முடிவைச் சொன்னால், அவன் அந்தப் படத்தை இனிப் பார்க்கப்போவதில்லை என்று நானே ஒப்புக்கொண்டதாகிவிடும். அதற்கு எனக்குத் துணிச்சல் இல்லை. சரியான பயந்தாங்கொள்ளி நான். வியாழக்கிழமை அவன் போய்விட்டான்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து அவன் வீட்டு வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். அவன் மனைவி ஒரு சிவப்பு அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள். மருத்துவமனைக்குக் கொண்டுபோன பையில் இருந்ததாம். ஏழு படங்களையும் எழுதியிருந்தான். லிஃப்ட் படம் வழக்கம்போல இரண்டாவது. அதற்காக எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். அட்டையின் ஓரத்தில் 'புதுசு' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

"நெட்டுல பாத்து நானே முடிவ சொல்றேன்னு சொன்னேண்ணா. வேணான்ட்டாரு. அவன் வந்து சொல்லட்டும், அவன் சொன்னாதான் கணக்குன்னாரு. புதங்கெழமகூட நீங்க வருவீங்களான்னு கேட்டுகினே இருந்தாரு."

புதன்கிழமை எனக்கு மதியமே ஷிப்ட் முடிந்துவிட்டது. போயிருக்கலாம். மறுபடியும் கேட்பானே என்று நேராக வீட்டுக்குப் போய்விட்டேன். அதை அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

"முடிவு இன்னாண்ணா?"

வாசலிலேயே நின்று சொன்னேன். மூத்த மருமகள்தான் கொலை செய்தாள், தன் பிள்ளையைக் காப்பாற்ற. பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டு மாமனார் போலீசோடு போகிறார். சொல்லி முடிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் இன்னும் ஏதோ இருக்கிறது என்பதுபோல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்வளவுதாம்மா" என்றேன்.