தானே திரும்பிய கேசட்

இன்று கோட்டுச்சேரியில் அக்கா மகன் புதுக் காரைக் காட்டி அலட்டினான். "கம்பெனியிலேயே வச்ச பதினாறு ஸ்பீக்கர், மாமா!"

போடா. எண்பத்தாறில் நான் ஓட்டிய முதலாளியின் வெளிநாட்டுக் காரில் பாட்டுப் போட்டால், கருக்களாச்சேரி மீனெல்லாம் கரைக்கு வந்து நிற்கும்.

அந்தக் காரில்தான் ஒருநாள் வசமாக மாட்டினேன்.

பக்கத்து வீட்டுப் பாத்திமா பெரியம்மாவின் டேப் கெட்டுக் கிடந்த நேரம், மகன் துபாயிலிருந்து பேசி அனுப்பிய கேசட் வந்தது. "எனக்குத் தெரியாத செட்டா?" என்று பெரியம்மாவையும் அவர் மருமகளையும் காரின் பின்சீட்டில் உட்கார வைத்தேன்.

முதல் பக்கம் உம்மாவுக்கு, அதாவது பெரியம்மாவுக்கு. அது முடிந்து பெரியம்மா எழுந்து போனபிறகு, மருமகள் கேசட்டைத் திருப்பிப் போட்டுத் தன் பக்கத்தைத் தனியாகக் கேட்பாள். அதுதான் அவர்கள் வீட்டு வழக்கம்.

இந்தச் செட்டோ, பெரியம்மா எழுவதற்குள் தானே மறுபக்கத்துக்குத் திருப்பிக்கொண்டது!

"உம்மா போயிட்டாங்களா புள்ள? விசா ரெடி. நீ மட்டும் வந்துடு. உம்மாட்ட இப்ப சொல்லாத."

மருமகள் முகம் வெளுத்துவிட்டது. எனக்கு நிறுத்துகிற பட்டன் எதுவென்று தெரியவில்லை. கைக்குக் கிடைத்த திருகைத் திருகினேன். முன் ஸ்பீக்கரில் கேட்ட சத்தம் முழுவதும் பின் ஸ்பீக்கருக்குப் போய், பெரியம்மா காதருகே பேசியது.

"உம்மாவ தங்கச்சி பாத்துக்கும்."

சாவியையே பிடுங்கினேன்.

பெரியம்மா மருமகளைப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏன் தம்பி நிறுத்துனீங்க? போடுங்க. என்னைக்குக் கெளம்பணும்னு கேட்டாத்தானே இவளுக்குப் பொட்டி கட்டலாம்?"

அக்கா மகனிடம் கேட்டேன்: "பதினாறு இருக்கட்டும்டா, நிறுத்துற பட்டன் எது?"

இன்னும் தேடுகிறான். உங்கள் காரில் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள் பார்ப்போம்.