சுழலும் தட்டுக்கு நாடி பார்க்கச் சொன்னவன்

பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டை ஒட்டி ஒரு மைக் செட் கடை. அது நான் வைத்தது. எனக்குக் கடை வாடகைக்கு விட ஒருத்தரும் ஒத்துக்கொள்ளாத காலத்தில், சைக்கிள் கடை ஓரமாகத் தார்ப்பாய் கட்டி உட்கார்ந்தேன். எறையூர் சர்க்கரை ஆலை வந்த பிறகு அந்தப் பக்கத்தில் எத்தனையோ வீட்டுக்கு வயரிங் செய்தேன். ரஞ்சன்குடிக் கோட்டைக்குப் பின்னால், கரண்டுக் கம்பமே நடாத ஊர்களில், பாட்டரியை வைத்துக் கல்யாணப் பாட்டுப் போட்டேன். ஏலாக்குறிச்சித் திருவிழாவில் நான் கட்டின ஸ்பீக்கர் குழாயில் பூசைப் பாட்டு கிளம்பினால், பஸ்ஸை விட்டு இறங்குவதற்கு முன்பே ஜனம் சிலுவை போட்டுக்கொள்ளும். கல் வீடு கட்டினேன். மூன்று பெண்களைக் கரை சேர்த்தேன். என் அப்பா அடுத்தவர் கரும்புக் காட்டில் தோகை உரித்த மனுசன். அவரிடமிருந்து எனக்கு வந்தது இந்த உடம்பு ஒன்றுதான். படிப்பு நாலாப்பு. வோல்ட், ஆம்பியர் எல்லாம் ஷாக் அடித்து ஷாக் அடித்துக் கற்றுக்கொண்டது.

இதையெல்லாம் யாரும் இல்லையென்று சொல்லவில்லை. சொல்லவும் முடியாது, நான் இழுத்த வயர் இன்னமும் சுவரில் இருக்கிறது. ஆனால் நான் செய்ததிலேயே பெரிய வேலை ஒன்று கண்ணுக்குத் தெரியாத வேலை. அதைத்தான் வேறொருத்தர் பேரில் எழுதிவிட்டார்கள்.

அரியலூர் டாக்டரம்மாவுக்கு நினைவு மலர் போட்டிருக்கிறார்கள். வழவழவென்று நல்ல தாள். அவர்கள் மகள்தான் எழுதியிருக்கிறார். எனக்கும் ஒன்று அனுப்பினார், அந்த மரியாதையை மறுக்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுத்துக்கூட்டிப் படித்துக்கொண்டே வந்தேன். ஒரு பக்கத்தில் இப்படி இருந்தது:

“அம்மாவின் இசைத்தட்டுக் கருவி சரியான வேகத்தில் ஓடாததற்குக் காரணம் மின் அதிர்வெண் குறைவே என்பதை அறிவியல் முறையில் கண்டறிந்து, புதிய கருவியைத் தேர்ந்தெடுத்துத் தந்தவர் எங்கள் என்ஜினியர் சித்தப்பா. பெட்டியைத் தூக்கி வர உள்ளூர் மைக் செட்காரர் ஒருவர் உதவினார்.”

ஒருவர்! உதவினார்!

நடந்தது என்ன என்று சொல்கிறேன்.

டாக்டரம்மா வீடு முன்பக்கம் ஆஸ்பத்திரி, பின்பக்கம் கூடம். கூடத்தில் ஒரு ரெக்கார்டு பிளேயர், ஆம்ப்ளிபயர், ஆளுயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். சாயங்காலம் கடைசி நோயாளி போனதும் கையைக் கழுவிவிட்டு வயலினை எடுப்பார்கள். ரெக்கார்டில் பெரிய வித்வான் வாசிக்க, இவர்கள் கூடவே வாசித்துப் பழகுவார்கள். “நாள் பூரா அடுத்தவங்க வலியைக் கேக்கறேன். இந்த ஒரு மணி நேரந்தான் எனக்குன்னு இருக்கறது” என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள்.

வீட்டு வயரிங் என்னுடையது என்பதால் பிளேயர் மக்கர் செய்தாலும் எனக்குத்தான் ஆள் வரும். முதல் தடவை போனபோது நான் ஒரு தப்பு செய்தேன். மறைக்க மாட்டேன். ஊசி தாண்டித் தாண்டிக் குதித்தது. மைக் செட் தொழிலில் இதற்கு வைத்தியம் எளிது: ஊசி இருக்கிற கையின் தலையில் ஒரு எட்டணாவை வைத்தால் பாரத்தில் அடங்கி ஓடும். ஆட்டமும் தூசியுமாக இருக்கிற திருவிழாத் திடலில் வேறு வழி கிடையாது. பழக்க தோஷத்தில் அங்கேயும் வைத்துவிட்டேன். டாக்டரம்மா பதறிப்போய் ஓடி வந்தார்கள்.

“ஐயையோ, எடுங்க எடுங்க! ரெக்கார்டு என்ன கரும்புக் காடா? ஏர் ஓட்டறீங்களே!”

ஊசி பாரம் ஏறினால் பள்ளத்தைச் சீவிவிடும் என்று அவர்கள்தான் சொல்லிக் கொடுத்தார்கள். கேட்டுக்கொண்டேன். அதற்கப்புறம் அந்த வீட்டில் நான் காசு வைத்ததில்லை. ஆனால் அவர்கள் தங்கை வீட்டுக்காரர் இருக்கிறாரே, திருச்சியில் பெரிய என்ஜினியர், அவர் அதைப் பத்து வருசம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். என்னைக் கண்டாலே “என்னப்பா மைக்செட்டு, எட்டணா இருக்கா?” என்பார். ஒரு தடவையாவது பேர் சொல்லிக் கூப்பிட்டாரா? இல்லை.

எண்பது பிறந்து ஓரிரண்டு வருசம் இருக்கும். டாக்டரம்மாவுக்குப் புதுத் தொல்லை ஒன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் வயலினும் ரெக்கார்டும் சேருகிறது. வாரநாள் சாயங்காலம் சேரவில்லை. ரெக்கார்டு ஒரு சுருதி, வயலின் ஒரு சுருதி. எங்கள் தொழிலில் இதைப் ‘பாட்டு இழுக்குது’ என்போம். நானும் ஊரார் மாதிரியே “கரண்டு கம்மிங்கம்மா, சாயங்காலம் எல்லாரும் விளக்குப் போடறாங்கல்ல” என்று சொல்லி ஒரு ஸ்டெபிலைசரை மாட்டினேன். பல்பு பளிச்சென்று எரிந்தது. பாட்டு இழுத்துக்கொண்டேதான் இருந்தது. அன்றைக்கே எனக்குள் ஒரு முள் குத்திவிட்டது. வெளிச்சம் குறையவில்லை, அப்புறம் பாட்டு ஏன் குறைகிறது?

பழைய பிளேயரை மாற்றிவிடுவது என்று டாக்டரம்மா முடிவு செய்தார்கள். “இந்தத் தடவையும் சேரலைன்னா வயலினைத் துணியில சுத்திப் பரண்ல போட்டுடப் போறேன், மைக்செட்டுக்காரரே.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள், ஆனால் கண் சிரிக்கவில்லை.

என்ஜினியர் திருச்சியில் தெரிந்த கடையில் பேசி, இரண்டு பிளேயரைப் பத்து நாள் பார்த்துவிட்டு ஒன்றை வைத்துக்கொள்வது என்று ஏற்பாடு செய்தார். ஒன்று சீமையிலிருந்து வந்தது, அம்மிக்கல் கனம், நேராகக் கரண்டில் ஓடுகிற பெரிய மோட்டார். இன்னொன்று ஜப்பான் பெட்டி, சின்னது, வீட்டுக் கரண்டை உள்ளேயே பாட்டரிக் கரண்டு மாதிரி மாற்றிக்கொண்டு ஓடுகிற மோட்டார். இரண்டையும் கோணிச் சாக்கில் சுற்றி, திருச்சியிலிருந்து பாசஞ்சர் ரயிலில், கனத்ததை மடியிலும் மற்றதைக் காலுக்கிடையிலும் வைத்துக்கொண்டு வந்தேன். லால்குடி வருவதற்குள் தொடை மரத்துவிட்டது. ஆக, பெட்டி தூக்கினது நிசம். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. ஜப்பான் பெட்டி ஜப்பான் நாட்டுக் கரண்டுக்குச் செய்தது, நம்ம வீட்டில் அப்படியே சொருகினால் புகைந்துபோகும். அதற்கு டிரான்ஸ்பார்மர் சுற்றிக் கொடுத்ததும் இதே கைதான். மலரில் அதையும் காணோம்.

முதலில் சீமைப் பெட்டியை வைத்தோம். அழகு, சொல்லி மாளாது. ரெக்கார்டு உட்காருகிற தட்டின் விளிம்பு முழுக்கப் புள்ளி புள்ளியாக வெட்டியிருந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. தட்டு சுற்றும்போது அந்த வெளிச்சத்தில் புள்ளிகள் நகராமல் நின்றால் வேகம் சரியென்று அர்த்தம். முன்னால் ஓடினால் வேகம் அதிகம், பின்னால் ஓடினால் குறைவு. ஒரு குமிழைத் திருப்பிச் சரி செய்துகொள்ளலாம். என்ஜினியர் குமிழை லேசாகத் திருப்பினார். புள்ளிகள் வரிசையாக நின்றன.

“பாத்துக்குங்க அக்கா. நிக்குதா? இனி ஒருத்தனும் குறை சொல்ல முடியாது.”

டாக்டரம்மா வயலினை எடுத்தார்கள். நாலு வரி வாசித்தார்கள். நிறுத்தினார்கள். வில்லைக் கீழே வைத்துவிட்டார்கள்.

“இழுக்குது மாப்பிள்ளை.”

“மெஷின் பொய் சொல்லாது அக்கா. காலைலேருந்து வேலை, உங்க காது களைச்சுப் போயிருக்கு.” அப்புறம் என் பக்கம் திரும்பினார். “இல்லன்னா வயரிங்ல கோளாறு. யாரு பண்ணினது? நம்ம எட்டணாதானே!”

கூடத்தில் இருந்த நாலு பேர் சிரித்தார்கள். நான் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். என் வயரிங்கைச் சொன்னது கூடப் பரவாயில்லை. அந்த அம்மாவின் காதைச் சொன்னாரே! இருமலைக் கேட்டே நெஞ்சில் என்ன இருக்கிறது என்று சொல்கிற காது அது.

பஸ்ஸில் பெரம்பலூர் வந்து சேருகிற வரைக்கும் அந்தச் சிவப்பு விளக்கையே நினைத்துக்கொண்டு வந்தேன். ஆலைப் பக்கம் டியூப் லைட் மாட்டின வீடுகளில் ஒன்று பார்த்திருக்கிறேன்: டியூப் லைட் வெளிச்சத்தில் ஃபேன் இறக்கை சில சமயம் நின்ற மாதிரி தெரியும், சில சமயம் பின்னால் சுற்றுகிற மாதிரி தெரியும். ஏன்? விளக்கு கண் சிமிட்டிக்கொண்டே எரிகிறது. அந்தச் சிவப்பு விளக்கும் அப்படித்தான். சரி, விளக்கைச் சிமிட்ட வைப்பது யார்? கரண்டு. மோட்டாரைச் சுற்றுவது யார்? அதே கரண்டு. சாயங்காலம் பாரம் தாங்காமல் அந்தக் கரண்டே மெத்தனமாக வந்தால்? இரண்டும் சேர்ந்து மெத்தனமாகும், புள்ளி நின்றுகொண்டேதான் இருக்கும். களவு போன வீட்டில் களவாண்டவன் தம்பியைச் சாட்சிக்குக் கூப்பிட்ட கதை.

ரஞ்சன்குடிப் பக்கத்தில் பாட்டரியில் போட்ட பாட்டு ஏன் ஒருநாளும் இழுக்கவில்லை என்பதும் அப்போதுதான் விளங்கியது. பாட்டரிக்குச் சிமிட்டல் கிடையாது. அன்றைக்கு அதற்கு நானே ஒரு பேர் வைத்துக்கொண்டேன்: கரண்டு கம்மி வேறே, கரண்டு மெதுவு வேறே. கம்மியை ஸ்டெபிலைசர் தூக்கிவிடும். மெதுவை அது ஒன்றும் செய்யாது.

மறுநாள் சாயங்காலம் போனேன். என்ஜினியரும் இருந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு துண்டு பிளாஸ்திரி வாங்கி, தட்டின் விளிம்பில் நுனி நீட்டிக்கொண்டிருக்கிற மாதிரி ஒட்டினேன். ஒரு சுற்றுக்கு ஒரு தரம் அது விரலில் தட்டும்.

“டாக்டரம்மா, கொஞ்சம் நாடி பாருங்க.”

என்ஜினியர் விழுந்து விழுந்து சிரித்தார். “என்னப்பா, பிளேயருக்குக் காய்ச்சலா? ஊசி போடணுமா?”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. கைக்கடிகாரத்தைத் திருப்பி வைத்துக்கொண்டு, விரலை விளிம்பில் நீட்டினார்கள். நோயாளி கையைப் பிடிக்கும்போது முகத்தில் ஒரு அமைதி வருமே, அது வந்தது. நிமிசத்துக்கு முப்பத்து மூன்றும் மூன்றில் ஒரு பங்கும் சுற்று என்று நாங்கள் குழம்புவோம். அவர்கள் சட்டென்று, “மூணு நிமிஷம் எண்ணினா சரியா நூறு வரணும்” என்றார்கள். பிளாஸ்திரி மட்டும் டிக், டிக் என்று தட்டியது. புள்ளிகள் அசையாமல் நின்றன.

“தொண்ணூத்தாறு.”

மறுபடி எண்ணினார்கள். மறுபடியும் தொண்ணூற்றாறு.

பிளாஸ்திரியைப் பிய்த்து ஜப்பான் பெட்டியில் ஒட்டினேன். அதே கடிகாரம், அதே விரல். “நூறு” என்று சொல்லிவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள்.

என்ஜினியர் விடவில்லை. “சீமைப் பெட்டியிலயும் குமிழைத் திருப்பினா நூறு வந்துடும் அக்கா.”

“திருப்பலாம் சார்” என்றேன். “திருப்பினா உங்க புள்ளி ஓடும். ராத்திரி கரண்டு வேகமாச்சுன்னா மறுபடி திருப்பணும்.”

டாக்டரம்மா, “காலைல ஒரு திருப்பு, சாயங்காலம் ஒரு திருப்பு. நான் வயலின் வாசிக்கறதா மாப்பிள்ளை, குமிழ் வாசிக்கறதா?” என்றார்கள்.

அப்புறம் ஜப்பான் பெட்டியில் ரெக்கார்டைப் போட்டு வாசித்தார்கள். சேர்ந்தது. எனக்குச் சங்கீதம் தெரியாது, ஆனாலும் இரண்டு சத்தம் ஒன்றானது எனக்கே கேட்டது. வாசித்து முடித்து, எல்லார் முன்னாலும் சொன்னார்கள்: “மைக்செட்டுக்காரரே, இது நீங்க கண்டுபுடிச்சது.”

சீமைப் பெட்டியைத் திரும்பத் திருச்சிக்குத் தூக்கிப் போனவனும் நான்தான்.

என்ஜினியர் அப்புறம் அந்தப் பேச்சை எடுத்தது ஒரு மாசம் கழித்து. யாரோ விருந்தாளியிடம் என் ‘கரண்டு மெதுவை’, தானே கண்டுபிடித்த மாதிரி, ‘ஃப்ரீக்வென்சி டிராப்’ என்று விளக்கிக்கொண்டிருந்தார், நான் அங்கேயே பிளக் மாற்றிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை அவருடையதுதான், தாராளமாக வைத்துக்கொள்ளட்டும். எனக்கு அது வாயில் கூட நுழையாது. ஆனால் வார்த்தை தெரிந்தவர் தொண்ணூற்றாறு என்று எண்ணினாரா? புள்ளியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். படிச்சவர் பார்க்காததை நாலாப்பு பார்த்தது என்று சொல்ல அவருக்கு வாய்வரவில்லை, அவ்வளவுதான் சங்கதி. அந்த மகள் அப்போது வெளியூர் ஹாஸ்டலில் படித்துக்கொண்டிருந்தார். சித்தப்பா சொன்னதைத்தான் எழுதியிருப்பார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கேட்டு எழுதியிருக்கலாம், பெரம்பலூர் என்ன கப்பலேறிப் போகிற ஊரா?

சாட்சி எங்கே என்று கேட்பார்கள். டாக்டரம்மா போய்விட்டார்கள், என்ஜினியரும் இல்லை. ஆனால் அதே மலரில் அதே பக்கத்தில் அந்த ஜப்பான் பெட்டியின் ஃபோட்டோ போட்டிருக்கிறார்கள். தட்டின் விளிம்பைப் பாருங்கள். பழுப்பேறிப்போய் ஒரு பிளாஸ்திரித் துண்டு. இத்தனை வருசமும் அந்த அம்மா அதைப் பிய்த்துப் போடவில்லை. அதை அங்கே ஒட்டியது யார் என்று அந்தப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது.

மலரை மறுபடி அச்சுப் போடப்போவதாகக் கேள்விப்பட்டேன். சித்தப்பாவின் படத்தை எடுக்கச் சொல்லவில்லை. பெட்டி தூக்கின வரியும் இருக்கட்டும். அந்த ஃபோட்டோவுக்குக் கீழே மட்டும், பிளாஸ்திரியை ஒட்டி நாடி பார்க்கச் சொன்னவன் யார் என்று போட வேண்டும். ‘ஒருவர்’ என்று போடக்கூடாது. என் பேர் போட வேண்டும், தோகை உரித்த என் அப்பா பேரின் முதலெழுத்தோடு.