இறால் டெஸ்ட்டுக்குப் பணம் கேட்டுப் போன கதை

1. நாற்காலி தேய்த்த காலம்

தொண்ணூறுகளின் தொடக்கம். மாநில அரசிடம் பணம் கேட்டு நாங்கள் அலைய ஆரம்பித்து இரண்டாம் வருடம். மலேசியாவின் பினாங்குத் தீவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் நான் ஆய்வு அதிகாரி. பெயர்தான் ஆய்வு. பாதி நாள் அரசு அலுவலகங்களில் நாற்காலி தேய்த்ததுதான் மிச்சம்.

எங்கள் தலைவர் டாக்டர் சோங், இறாலுக்கு வரும் ஒரு வைரஸைக் கண்டுபிடிக்க டெஸ்ட் உருவாக்கியிருந்தார். இறாலின் செவுளை அரைத்து, வெள்ளைத் தாளில் சொட்டு விட்டு, கடைசியில் கலர் ரியேஜண்ட் என்ற மருந்தை ஊற்றினால், நோய் இருந்தால் ஊதாப் புள்ளி வரும். இறால் சாகும் முன்பே தெரிந்துவிடும். இதைக் குளக்காரர்களுக்குக் கொண்டுபோக ஒரு சின்ன லேப் வேண்டும். கையிலிருந்த மானியமோ முடியப்போகிறது. மாநிலம் கொடுக்காவிட்டால் இழுத்து மூட வேண்டியதுதான்.

போன இடமெல்லாம் ஒரே கேள்வி, எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும்? ஃபேக்டரிகளைக் கேட்டுப் பழகிய வாய். நாலு பேருக்கு என்றால் சிரிப்பார்கள். சிரிக்கட்டும் என்று நானும் மறுபடி மறுபடி போனேன்.

2. ராக்யாட் ஒருவர் தேவை

பணம் ஒதுக்க வேண்டிய மாநில ஆட்சிக்குழு உறுப்பினரை எல்லாரும் வை.பி. என்போம். அவருடைய தனி அதிகாரி சிவா, எங்கள்மேல் இரக்கப்பட்ட ஒரே ஆள்.

"அக்கா, உங்க ஸ்லைடப் பாத்தா வை.பி. தூங்கிருவாரு. ராக்யாட் ஒருத்தரக் கூட்டிட்டு வாங்க. பாத்திக் சட்டை போட்டுக்கிட்டு, எனக்கு இது உதவுதுன்னு ரெண்டு வார்த்தை சொன்னாப் போதும்லா."

ராக்யாட் என்றால் பொதுமக்கள். யார் எதற்குப் பணம் கேட்டாலும் பக்கத்தில் ஒரு பொதுமக்கள் உட்கார்ந்திருக்க வேண்டும், அதுதான் அப்போதைய வழக்கம். பாலம் தாண்டி, நிபோங் திபால் பக்கம் குளம் வைத்திருந்த ராஜு அண்ணனைப் பிடித்தேன். லாரி ஓட்டிச் சேர்த்ததையெல்லாம் இரண்டு இறால் குளத்தில் போட்டவர்.

டாக்டருக்கு ஒரு யோசனை தோன்றியது. அண்ணனுடைய இறாலையே லேபில் தயார் செய்து, கடைசிக் கலர் ஸ்டெப்பை மட்டும் வை.பி.யின் கூட்டத்தில் செய்து காட்டுவது. பக்கத்தில் நோயுள்ள இறாலின் சாம்பிள் ஒன்று. அதில் புள்ளி வரும், அண்ணனுடையதில் வராது என்று கணக்கு.

"முன்னாடியே ஒரு தடவை முழுசாகச் செய்து பார்த்துவிடலாமே டாக்டர்" என்றேன். ரியேஜண்ட் வீணாகும் என்றார். பாட்டிலில் அடி தெரிந்ததும் உண்மைதான்.

3. புள்ளி

வை.பி.யும் அதிகாரிகளும் சுற்றி நின்று பார்த்தார்கள். நோயுள்ள சாம்பிளில் ஊதா ஏறியது. கொஞ்ச நேரத்தில் பக்கத்திலும் ஏறியது.

"என்னோடதுலயும் வருதே தங்கச்சி" என்றார் ராஜு அண்ணன்.

இது நிச்சயமா என்று வை.பி. கேட்டார். மறுபடி செய்து உறுதிப்படுத்த வேண்டும் என்றார் டாக்டர். ஐயோ, அந்த மனுஷனை என்ன சொல்ல! ஆய்வுக்கூடத்தில் அது நேர்மை. பணம் கொடுக்க உட்கார்ந்திருப்பவர் காதில் அது 'எங்களுக்கே தெரியாது' என்று விழும்.

அண்ணன் என் பக்கம் திரும்பினார். "டாக்டரக் கேளு தங்கச்சி. இன்னைக்கே பிடிச்சிரவா? இன்னும் சின்னது, பாதி விலைதான் வரும். விட்டா மொத்தமும் போயிருமா?"

கேட்டேன். டாக்டர் ஒரு நிமிஷம் தாளையே பார்த்துவிட்டு, பிடிக்கச் சொல் என்றார். அண்ணன் போனைத் தேடி வெளியே ஓடினார். உள்ளே, இது பேப்பரில் வந்தால் ஏற்றுமதி என்னாகும் என்று பேச்சு மாறிவிட்டது. எங்கள் லேபைப் பற்றி அதற்கப்புறம் ஒருவரும் வாயே திறக்கவில்லை.

லிஃப்ட் வரை வந்த சிவா சொன்னான்: "நல்ல சேதி கொண்டு வருவீங்கன்னு பாத்தேன் அக்கா. வை.பி.க்குத் தலைவலியக் கொண்டு வந்துட்டீங்க. இனி இந்த ஃபைலத் தூக்கிட்டு நான் உள்ள போக முடியாதுலா."

அந்த வாரமே பக்கத்துக் குளங்களில் இறால் செத்து மிதந்தது. அண்ணன் மட்டும் பாதி விலைக்காவது விற்றிருந்தார். டெஸ்ட் சொன்னது சரி. சரியாகச் சொன்னதால்தான் எங்களுக்குப் பணம் வரவில்லை. இன்று மானியம் கேட்டு ஏறி இறங்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். நோயைக் கண்டுபிடிப்பவர்கள் விற்பது கெட்ட செய்தி. கெட்ட செய்தி வந்தால் என்ன செய்வோம் என்பதை முதல் நாளே அரசிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் அதைப் பேசவில்லை.

மானியம் முடிந்து, லேபில் சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தபோது ராஜு அண்ணன் வந்தார். கையில் ஆக்ஸிஜன் அடைத்த பிளாஸ்டிக் பை, உள்ளே இறால் குஞ்சுகள்.

"குளத்துல விடுறதுக்கு முன்னால ஒரு தடவை பாத்துச் சொல்லிரு தங்கச்சி. மிச்சமிருந்த காசு பூராவும் இந்தக் குஞ்சுலதான்."

"மருந்து தீந்துபோச்சுண்ணே. வாங்கக் காசு இல்ல."

"அப்ப விடவா, வேணாமா?"

எனக்குத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. குஞ்சுகள் பையில் சாயங்காலம் வரைதான் தாங்கும்.  அவர் பையில் வெயில் படாமல் துண்டைப் போட்டு மூடி எடுத்துக்கொண்டு, பாலம் தாண்டித் தன் குளத்தில் விடப் போனார்.