மதகுச் சத்தம்

கால்வாய் மதகைக் காப்பது என் வேலை. மூச்சு வாங்குகிறது என்ற மனைவியைக் கம்பம் டவுனில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். அவர் இதயத் துடிப்பைக் கேட்கும் குழாயை எடுத்தார்.

"பொம்பளை நெஞ்சுல அதை வைக்க வேணாம்யா. நாடி மட்டும் பாருங்க" என்று தடுத்தேன்.

"அவுக சொல்றாகள்ல, விடுங்கய்யா" என்றாள் அவளும்.

மருந்து வாங்கித் திரும்பினோம். அவள் வழக்கம்போல் நெல் சுமந்தாள்.

மறு வருஷம், கால் வீங்கியவளை வண்டியில் கொண்டுபோனேன். டாக்டர் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என் காதிலும் மாட்டினார். ஒவ்வொரு துடிப்போடும் புஸ்ஸென்று ஓர் ஒலி. பலகை சரியாக மூடாத மதகில் தண்ணீர் கசியும் அதே சத்தம்.

"போன வருஷமே கேக்க விட்டிருந்தா, இவளைச் சுமை தூக்க விட்டிருக்க மாட்டேனேய்யா" என்றேன்.

இருபது நாளில் போய்விட்டாள்.

மதகில் அந்தச் சத்தம் கேட்டால் தூக்கத்திலும் எழுந்து ஓடுபவன் நான். பன்னிரண்டு வருஷம் அவள் பக்கத்தில்தான் படுத்திருந்தேன்.